தேங்காய் நாரை நிறுத்திய நாள் முதல்

பிப்ரவரி 3, செவ்வாய்

இயற்பியல் துறையின் நாற்பத்தாறு ஆண்டு வரலாற்றில் ஒரு காலகட்டம் இன்று காலை பத்து இருபதுக்கு முடிவுக்கு வந்தது. தேங்காய் நாரை நிறுத்தினேன்.

அவசரத்தில் எடுத்த முடிவல்ல. மூன்று நாள் யோசித்தேன். வருகிற மார்ச் 3 அன்று தரமதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வருகிறது. கண்ணில் படுவதெல்லாம் பளபளக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஆய்வகப் பொறுப்பாளன் என்ற முறையில் என் கண்ணில் முதலில் பட்டவை மூசைகள். பொடியைப் போட்டு உலையில் வைத்துச் சுடும் வெள்ளைக் கிண்ணங்கள். மாணவர்கள் குரூசிபிள் என்பார்கள். மொத்தம் இருபத்திரண்டு. அத்தனையின் அடியிலும் பழுப்பாகக் கறை. தேங்காய் நாரால் தேய்த்தால் அந்தக் கறை போகாது என்பதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளே சாட்சி.

மாற்று ஏற்பாடு கம்பி நார். பாத்திரக் கடை வாசலில் சுருள் சுருளாகப் பொட்டலம் கட்டித் தொங்குவது. இரண்டு டஜன் வரவழைத்தேன். "இன்று முதல் ஆய்வகக் கலங்களும் பொடி அரைக்கும் கல்லுரல்களும் கம்பி நாரால் மட்டுமே தேய்க்கப்பட வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்து, எண் போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, கழுவும் அறைச் சுவரில் ஒட்டினேன். அந்த அறைக்குள் போகிறவர் ஒருவர்தான், கலம் கழுவும் பாவாத்தாள். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் வாயாலும் சொன்னேன். நகல் கோப்பில் இருக்கிறது.

பிப்ரவரி 5

பாவாத்தாள் ஆட்சேபம் தெரிவித்தார். "பதினாறு வருசமா நாருலதானுங்க தேய்க்கறேன். ஒரு கலமும் என்னைக் குத்தம் சொன்னதில்லீங்க" என்றார். கலம் சொல்லாது, குழு சொல்லும் என்று விளக்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தார். கோபத்தில் தேய்த்ததால் வேலை நன்றாக வந்தது. மாலைக்குள் பெரும்பாலான மூசைகளில் கறை போய் ஒரு மெல்லிய சாம்பல் மினுமினுப்பு வந்துவிட்டது. ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் பணி நிறைவு பெற இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. அதற்குள் இப்படி ஒரு காரியம் செய்ய வாய்த்ததே.

பிப்ரவரி 10

சுகந்தி இன்று உலை வேலையை மறுபடி தொடங்கினாள். பேராசிரியர் பூவராகனிடம் ஆய்வு செய்யும் பெண். எட்டு ஆண்டுகளாகச் செய்கிறாள். அவள் வந்தபோது நான் வைத்த வேப்பங்கன்று இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு நிழல் தருகிறது.

அவள் வேலையை ஒருவாறு சொல்லிவைக்கிறேன். துத்தநாகத்தையும் மணலையும் சேர்த்துச் சுட்டால் துத்தநாக சிலிக்கேட் என்ற படிகப் பொடி கிடைக்கும். பார்க்க அரிசி மாவு. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தாலும் அரிசி மாவுதான். அதில் நூறு துத்தநாக அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் மாங்கனீசைக் கலந்து சுட்டால், அதே பொடி விளக்கின் கீழ் வாழைக்குருத்துப் பச்சையில் ஒளிர்கிறது. ஆக, சுத்தமான சிலிக்கேட்டால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த ஓர் அந்நிய உலோகம்தான் வெளிச்சம் தருகிறது. இதைப் பொதுக்கூட்டத்தில் சொன்னால் கல் விழும்.

ஜனவரியில் அவள் செய்த மாதிரி அப்படி ஒளிர்ந்தது. இருட்டறையில் பார்த்தவர்கள் எல்லாரும் இன்னொரு முறை விளக்கைப் போடச் சொன்னார்கள். பூவராகன் மட்டும், ஒன்று வந்தால் அதிர்ஷ்டம், மூன்று வந்தால்தான் ஆராய்ச்சி என்றார். அதே அளவு ஒளியோடு அடுத்தடுத்து மூன்று மாதிரிகள் வந்தால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார்.

கரூரில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடத்துக்கு அவள் பெயர்தான் பட்டியலில் முதலாவது. மார்ச் 31-க்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் வேலை. இல்லாவிட்டால் இரண்டாவது பெயர். அவளுடைய அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கிறார். அளவெடுக்கும்போதே வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுகிறாராம்.

ஒரு மாதிரிக்கு நான்கு மூசை நிறையப் பொடி வேண்டும். அலமாரியிலிருந்து பளபளப்பானவையாகப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13

முதல் மாதிரி உலையிலிருந்து வந்தது. இருட்டறையில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டோம். பச்சை தெரிந்தது என்று சொல்ல நல்லெண்ணம் தேவைப்பட்டது. ஜனவரி மாதிரியை நூறு என்று வைத்தால் இது பதினொன்று.

சுகந்தி விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் பதினொன்று.

பிப்ரவரி 17

இரண்டாவது மாதிரி: ஒன்பது. புதிய மாங்கனீசுப் புட்டி, புதிய மணல், உலையின் வெப்பமானியைக் கழற்றிச் சோதித்தல், எல்லாம் செய்துவிட்டுத்தான் ஒன்பது. "எங்கையில ஏதோ தப்பு இருக்குது சார்" என்றாள். மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இருக்கலாம் என்று நான் சொன்னேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 18

மின்தடை. பாவாத்தாள் விடுப்பு, மருமகளுக்குப் பிரசவம், ஆண் குழந்தை. கம்பி நார் இருப்பு பதினேழு.

பிப்ரவரி 20, வெள்ளி

மதியம் வேலை இல்லாததால் துறை நூலகத்தில் ஒளிரும் படிகங்களைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். ஏழாவது அத்தியாயம் மாசுகளைப் பற்றியது. மாங்கனீசு தான் வாங்கிய ஆற்றலை ஒளியாக வெளியே அனுப்பும். இரும்பு அப்படி அல்ல. பக்கத்தில் எங்கேயாவது உட்கார்ந்து, மாங்கனீசுக்கு வந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெப்பமாக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பத்து லட்சம் அணுக்களுக்கு நடுவே ஐம்பது, நூறு இரும்பு இருந்தாலே போதுமாம். இப்படிப்பட்ட உலோகத்துக்குக் கொலைகாரன் என்றே அந்தத் துறையில் பெயர்.

கழுவும் அறைக்குப் போனேன். தேய்ந்த கம்பி நார் ஒன்றை எடுத்துத் தாளில் உதறி, அடியில் காந்தத்தை வைத்து நகர்த்தினேன். தூள் காந்தத்தோடு நடந்தது. பிறகு ஒரு மூசையின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியில் சாம்பல் கோடு. நான் மினுமினுப்பு என்று எழுதியிருந்தது அதுதான். மூசை கம்பியைவிடக் கடினம்; தேய்த்தால் தேய்வது கம்பி.

தரை துடைத்துக்கொண்டிருந்த பாவாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "காந்தத்துல ஒட்டுதுங்களே" என்றார். இரும்பு என்றால் ஒட்டத்தான் செய்யும் என்றேன்.

இதனால் எதுவும் நிரூபணமாகிவிடாது. புத்தகம் 1974-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குப் பிறகு இரும்பு மாறியிருக்கலாம்.

பிப்ரவரி 21, சனி

ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்வதுதான் அறிவியல் முறை. அரைகுறையாகச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீண் குழப்பம். மேலும் இருபத்திரண்டு மூசையையும் இப்போது அமிலத்தில் ஊறப்போட்டால் குழு வரும்போது அலமாரி காலி. சுற்றறிக்கை என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீட்டில் பாத்திரம் துலக்கினேன். தேங்காய் நார் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 24

சுகந்தி கழுவும் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். "பாவாத்தாக்கா, சோப்புத்தூள் ஏதாச்சும் மாத்தினீங்களா?" என்று கேட்டாள். பாவாத்தாள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவருடைய வருகைப் பதிவில் மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

"சோப்புத்தூள் அதேதான் கண்ணு" என்றேன்.

கேள்வி சோப்புத்தூளைப் பற்றியது. பதில் முழு உண்மை. சுகந்தி தலையாட்டிவிட்டுப் போனாள். சுவரில் இருந்த சுற்றறிக்கை அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது, கதவு மறைக்கும்.

அதன்பின் உலைக்கு மின்னழுத்தச் சீராக்கி ஒன்றை வேதியியல் துறையிலிருந்து இரவல் வாங்கி, நானே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பொருத்தினேன். காய்ச்சி வடித்த நீர்க்கலனைத் திறந்து சுத்தம் செய்தேன். உலை நிறுவனத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். சுகந்தி நெகிழ்ந்துபோய், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை என்றாள். தேவையில்லை என்றேன். அதுவும் முழு உண்மை.

பிப்ரவரி 26

கழுவும் அறையில் தொட்டிக்குப் பின்னால் தேங்காய் நார் ஒன்று, ஈரமாக, சமீபத்தில் பயன்படுத்திய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில் விளிம்பு உடைந்த மூசை ஒன்று. பாவாத்தாளைக் கேட்டேன். இது ஏற்கெனவே விளிம்பு போன கலம், கம்பி பட்டால் இன்னும் உடையும், அதனால் இதை மட்டும் நாரிலேயே கழுவி வந்தேன் என்றார். "எழுதிக் கேப்பீங்களாட்ட இருக்குதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எழுதிக் கேட்கவில்லை. சுற்றறிக்கையை மீறியவரிடம் நான் விளக்கம் கேட்காமல் விட்டது என் பணிக்காலத்தில் இதுவே முதல் முறை. உடைந்த கலம் குழுவின் கண்ணில் படக்கூடாது என்பதால் அதை அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மூன்றாவது மாதிரி: பத்து.

சுகந்தி அழவில்லை. இருட்டறையிலிருந்து வெளியே வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். கரூருக்குத் தொலைபேசியில் கேட்டாளாம். ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பூவராகனிடம் போய் ஜனவரி மாதிரியை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லலாமே என்றேன். "ஒண்ணே ஒண்ணு வந்ததை வச்சு எழுதினா அது பொய்யாயிருமில்லீங்களா சார்" என்றாள். பிறகு, அப்பா கடைக்குப் போகிற வழியை இப்போதெல்லாம் மாற்றிக்கொண்டேன், எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் எப்போது சேர்கிறாய் என்று கேட்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னும் டீயும் வாங்கிவந்து கொடுத்தேன். பாதி பன் சாப்பிட்டாள்.

மீதிப் பாதியைத் தாளில் சுற்றி அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 2

இருபத்தொரு மூசைகளையும் கண்ணாடி அலமாரியில் மூன்று வரிசையாக அடுக்கினேன். வரிசைக்கு ஏழு.

மார்ச் 3, செவ்வாய்

குழு வந்தது. நான்கு பேர். எங்கள் ஆய்வகத்தில் ஆறு நிமிடம் இருந்தார்கள். தலைவர் ஒரு மூசையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் கல்லூரியைத் தான் பார்த்ததில்லை என்றார். முதல்வர் என் தோளில் கை வைத்தார். பதிவேட்டில் "தூய்மைக்கு முன்மாதிரி" என்று எழுதி நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள்.

போகும்போது ஓர் உறுப்பினர், இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று கேட்டார். சுகந்தி அவர்களை இருட்டறைக்குக் கூட்டிப்போய் ஜனவரி மாதிரியைக் காட்டினாள். நான்கு பேரும் இன்னொரு முறை விளக்கைப் போடச் சொன்னார்கள். இன்னும் இருக்கிறதா என்று அந்த உறுப்பினர் கேட்டார். இது ஒன்றுதான் என்றாள்.

மார்ச் 4, புதன்

காலை ஒன்பதரைக்கு, சுகந்தி நான்காவது முறையாகப் பொடியை எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மேசைக்குப் போனேன். கம்பி நாரை அதன் மேல் வைத்தேன். பக்கத்தில் காந்தத்தை வைத்தேன். சுற்றறிக்கையின் நகலையும் வைத்தேன். பேசுவதற்குத் தயாரித்து வைத்திருந்தது இரண்டு பக்கம் வரும். "கண்ணு, இதுலதான் தேய்க்கச் சொன்னேன். பிப்ரவரி மூணுல இருந்து" என்று மட்டும் சொன்னேன்.

அவள் காந்தத்தை எடுத்தாள். கம்பி நார் அதோடு எழுந்து வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது கோபமில்லை. கை சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தியின் முகம்.

"இது உங்களுக்கு எப்ப தோணுச்சு சார்?"

"நேத்து" என்றேன்.

அந்தப் பக்கம் பாவாத்தாள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

"வேற யாராச்சும்னா மறைச்சிருப்பாங்க சார்" என்றாள் சுகந்தி.

மார்ச் 5

கல்லுரலையும் மூசைகளையும் அமிலத்தில் ஊறப்போட்டோம். கல்லுரல் தேறிவிட்டது. மூசைகள் தேறவில்லை. ஆயிரத்திருநூறு டிகிரியில் உலைக்குள் போய்வந்தவற்றில் இரும்பு சுவருக்குள்ளேயே இறங்கிவிட்டது. போகாதவற்றிலும் அமிலம் போட்ட பிறகும், துடைத்தால் துணியில் கோடு தெரிகிறது. புது மூசைகளுக்குச் சென்னைக்கு எழுதினோம். மூன்று வாரமாகும் என்றார்கள்.

கம்பி படாத மூசை கல்லூரியில் வேறு இருக்கிறதா என்று பூவராகன் கேட்டார். பாவாத்தாள் அலமாரியைத் திறந்து, பின்வரிசையில் கைவிட்டு, விளிம்பு உடைந்ததை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒரு மாதிரிக்கு நான்கு மூசை நிறையப் பொடி வேண்டும். இருப்பது ஒன்று. ஆகவே ஒரு மாதிரிக்கு நான்கு முறை உலை வைக்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு நாள்.

மார்ச் 6

சுற்றறிக்கை எண் 2 வெளியிடப்பட்டது. எண் 1 இரத்து. இன்று முதல் தேங்காய் நார் மட்டும். பாவாத்தாள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இதற்கும் ஒரு காகிதமா என்று கேட்டார்.

மார்ச் 13, வெள்ளி

தொண்ணூற்றெட்டு.

இருட்டறையில் நானும் இருந்தேன். விளக்கைப் போட்டதும் சுகந்தியின் முகம் முழுக்கப் பச்சை. பாவாத்தாளையும் கூப்பிட்டுக் காட்டினாள். "நம்ம ஒடசக் கலத்துல வெந்ததா இது" என்று அவர் கேட்டார். ஆமாம் அக்கா, அதேதான் என்றாள். தொடலாமா என்று கேட்டு, பொடியை மூடிய கண்ணாடிமேல் விரலை வைத்துப் பார்த்தார்.

பூவராகன், மங்கிப்போன அந்த மூன்று மாதிரிகளையும் தூக்கி எறியக்கூடாது என்றார். எவ்வளவு இரும்புக்கு எவ்வளவு ஒளி போகிறது என்பதே ஓர் அத்தியாயம் ஆகுமாம். ஆய்வுக்கு நான் பங்களித்திருக்கிறேன்.

மார்ச் 21, சனி

இரண்டாவது: தொண்ணூற்றேழு. சுகந்தி மூன்று நாளாக மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். உலைக்குக் காவலிருக்க அவளுக்கு மாற்று ஆளாக நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். அதற்கு ஈடாக விடுப்பு எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 26

புது மூசைகள் வந்தன. பாவாத்தாள் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் எடுத்துத் தன் புடவைத் தலைப்பு படாமல் வைத்தார். நான் எதையும் தொடவில்லை.

மார்ச் 30

மூன்றாவது: தொண்ணூற்றொன்பது. இனி அட்டவணைகள், வரைபடங்கள், கடைசி அத்தியாயம், திருத்தம், கையெழுத்து, அச்சு, பைண்டிங். பத்து நாள் ஆகும் என்றாள். அவசரப்படுத்தி நாளைக்கே கொடுக்க முடியாதா என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மார்ச் 31, செவ்வாய்

கம்பி நார் இருப்பு பதினொன்று.

ஏப்ரல் 9, வியாழன்

சுகந்தி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். கறுப்பு அட்டை, பொன் எழுத்து, நூற்றெண்பத்தாறு பக்கம். துறைக்கு ஒரு பிரதி கொடுத்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் மூன்று மாதிரிகளின் அட்டவணை இருக்கிறது. இரும்பு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் "கலம் தேய்க்கும் கம்பி நார்" என்று மட்டும் இருக்கிறது, யாருடைய பெயரும் இல்லை. முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறாள். பாவாத்தாளின் பெயர் மூன்றாவது. என்னுடையது ஐந்தாவது: "உரிய நேரத்தில் தவறைக் கண்டு சொன்ன ஆய்வகப் பொறுப்பாளர் திரு. நாச்சிமுத்து."

பிரதியைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, ஜனவரி மாதிரி இருக்கும் அலமாரியில் வைத்தேன்.

கரூர்க் கல்லூரியில் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் திங்கட்கிழமை பணியில் சேர்ந்துவிட்டார்.